விடிய விடிய நடக்கும் கூத்து வீடியோவைக் கணினியில் சேமித்து டிவியில் போட வழி உண்டா?

செய்யாற்றங்கரை எழுதியது:

வணக்கம். எங்களுக்குச் செய்யாறு பக்கம் ஒரு கிராமம். அப்பாவுக்குத் தெருக்கூத்து என்றால் உயிர். திரௌபதி அம்மன் திருவிழாவான அக்கினி வசந்தம் எந்த ஊரில் நடந்தாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், படுகளம் வரைக்கும் ஒரு ராத்திரி விடாமல் பார்த்தவர். இப்போது முட்டி வலி, தரையில் உட்கார முடியவில்லை, பனியும் ஒத்துக்கொள்ளாது. அதனால் சின்னச் சின்ன சேனல்காரர்கள் முழு ராத்திரிக் கூத்தையும் யூடியூபில் அப்படியே ஏற்றியிருப்பதை போனில் காட்டினேன். அதிலிருந்து அதுதான் பொழுது. ஆனால் வீட்டில் சிக்னல் ஒரு கோடுதான், அர்ச்சுனன் திரைக்குப் பின்னால் பாட ஆரம்பிக்கும்போது வட்டம் சுற்ற ஆரம்பிக்கும், மனுஷன் நொந்துபோகிறார்.

தங்கை வீடு காஞ்சிபுரத்தில் இருக்கிறது, அங்கே பிராட்பேண்ட் உண்டு, பழைய விண்டோஸ் 10 கணினியும் உண்டு. அங்கே போகும்போது இறக்கி, பென் டிரைவில் போட்டுக்கொண்டு வந்து டிவியில் சொருகினால் பெரிய திரையில் பார்ப்பார் என்பது யோசனை. போன் ஆப்பில் இருக்கும் டவுன்லோடு பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டேன், அது ஆப்புக்குள்ளேயேதான் கிடக்கிறது, வெளியே எடுத்து டிவிக்குக் கொண்டுபோக வழியில்லை. லிங்கைப் போட்டால் இறக்கித் தருகிறோம் என்று சொல்லும் ஒரு தளத்துக்குப் போனேன், பக்கம் முழுக்க டவுன்லோடு என்று பச்சைப் பட்டன்கள், எது உண்மை எது விளம்பரம் என்றே தெரியவில்லை, ஒன்று ஏதோ சாஃப்ட்வேரை நிறுவச் சொன்னது, மூடிவிட்டேன்.

இன்னொன்று, அப்பா திரும்பத் திரும்பப் பார்த்த ஒரு கூத்து போன மாதம் திடீரென்று காணோம். "இந்த வீடியோ கிடைக்கவில்லை" என்று மட்டும் வருகிறது. அதனால்தான் அவசரம். ஏழு எட்டு மணி நேர வீடியோவை முழுசாக, ஒழுங்கான சத்தத்தோடு இறக்க எது நல்ல வழி? அப்படி எடுப்பது தப்பா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கறுப்புத்திரை எழுதியது:

அந்தத் தளத்தை மூடியது நல்லது. அந்த மாதிரித் தளங்களில் வீடியோ கிடைத்தாலும் பெரும்பாலும் நீங்கள் கேட்ட தரத்தில் கிடைக்காது, எட்டு மணி நேர ஃபைல் என்றால் பாதியில் நின்றுவிடும், போதாக்குறைக்கு "நோட்டிபிகேஷன் அனுமதி கொடு" என்று கேட்டு, கொடுத்தால் நாள் முழுக்கத் திரை மூலையில் குப்பை விளம்பரம் வந்துகொண்டே இருக்கும். குரோம் எக்ஸ்டென்ஷன் தேடியும் நேரத்தை வீணாக்காதீர்கள், குரோம் கடையில் யூடியூபிலிருந்து இறக்கும் எக்ஸ்டென்ஷன்களுக்கு அனுமதி கிடையாது.

உங்களுக்கு வேண்டியது ஒய்டி-டிஎல்பி என்ற இலவச நிரல். இதற்கு ஒரு வரலாறு உண்டு. 2006-ல் யூடியூப்-டிஎல் என்ற ஒன்று வந்தது, இதன் மூலம் அதுதான். 2020 அக்டோபரில் அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கம் புகார் கொடுக்க, நிரல்களை வைத்துப் பகிரும் தளமான கிட்ஹப் அதை நீக்கிவிட்டது. இந்த நிரலுக்கு நியாயமான பயன்கள் நிறைய இருக்கின்றன என்று வாதாடி அடுத்த மாதமே திரும்பக் கொண்டுவந்தார்கள். அதிலிருந்து கிளைத்துத்தான் 2021-ல் ஒய்டி-டிஎல்பி வந்தது, இன்று எல்லோரும் இதைத்தான் பயன்படுத்துகிறோம். கிட்ஹப்பில் அதன் சொந்தப் பக்கத்திலிருந்து மட்டும் எடுங்கள், தேடலில் முதலில் வரும் ஏதாவது "இலவச டவுன்லோடு" பக்கத்திலிருந்து வேண்டாம்.

விண்டோஸுக்கு ஒரே ஒரு ஃபைல்தான், நிறுவ வேண்டியதில்லை. டி டிரைவில் "கூத்து" என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் வையுங்கள். கூடவே எஃப்எஃப்எம்பெக் என்ற இன்னொரு நிரலையும் அதே இடத்தில் வைக்க வேண்டும். ஏன் என்றால், யூடியூப் பெரிய அளவுப் படங்களுக்குப் படத்தையும் சத்தத்தையும் தனித்தனியாக வைத்திருக்கிறது, நீங்கள் பார்க்கும்போது பிளேயர் இரண்டையும் சேர்த்து ஓட்டுகிறது. இறக்கும்போது இரண்டும் இரண்டு ஃபைலாக வரும், அவற்றை ஒட்டுவது எஃப்எஃப்எம்பெக் வேலை. அது இல்லாமல் இறக்கிவிட்டு "படம் இருக்கிறது, சத்தம் இல்லை" என்று இங்கே வந்து கேட்பவர்கள் நிறையப் பேர். 2025 நவம்பரிலிருந்து யூடியூபுக்கு ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் டீனோ போன்ற ஒரு நிரலும் தேவைப்படுகிறது, அதையும் சேர்த்து வைத்துவிடுங்கள்.

அந்த ஃபோல்டரின் முகவரிப் பட்டியில் சிஎம்டி என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டினால் கறுப்புத் திரை அங்கேயே திறக்கும். நிரலின் பெயர், ஓர் இடைவெளி, ஒரு ஹைபனும் பெரிய எஃப்பும், மறுபடி இடைவெளி, அப்புறம் லிங்க். லிங்கை இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள், இல்லையென்றால் அதற்குள் இருக்கும் "அண்ட்" (&) குறியால் கட்டளை உடைந்துவிடும். இப்போது அந்த வீடியோ எந்தெந்த அளவில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் வரும், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இருக்கும். 135 என்றால் 480பி படம், 136 என்றால் 720பி படம், இரண்டுமே எச்.264 என்ற, படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் முறையில் இருப்பவை. 140 என்றால் ஏஏசி முறையில் சுருக்கிய 128 கேபிபிஎஸ் சத்தம். பிறகு அதே கட்டளையை ஹைபன், சின்ன எஃப், இடைவெளி, 135+140 என்று மாற்றிக் கொடுங்கள். அவ்வளவுதான். நடுவில் நெட் போனாலும் கவலை இல்லை, மறுபடி அதே கட்டளையைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

எண் சொல்லி எடுக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சும்மா விட்டால் அது இருப்பதிலேயே உயர்ந்ததை எடுக்கும், பெரும்பாலும் அது ஏவி1 அல்லது விபி9 முறையில் வரும். பழைய டிவி இவற்றைத் திறக்காது, பழைய கணினி திணறும், படம் விட்டு விட்டு ஓடும். எச்.264 படமும் ஏஏசி சத்தமும் எம்பி4 ஃபைலில் இருந்தால் அநேகமாக எல்லா டிவியும் ஓட்டிவிடும்.

அளவு பற்றி: நொடிக்கு ஒரு மெகாபிட் என்றால் மணிக்கு 450 எம்பி. அப்படிப் பார்த்தால் எட்டு மணி நேரத்துக்கு 3.6 ஜிபி, சத்தத்துக்கு இன்னொரு அரை ஜிபி வரை. 720பி எடுத்தால் இதைப்போல இரண்டு மடங்கு வரலாம். ராத்திரியில் ஒற்றை கேமராவில் எடுத்த கூத்துக்கு 480 போதும் என்பது என் அபிப்பிராயம், ஆனால் சத்தத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். கூத்தில் ஊதும் முகவீணை அவ்வளவு உச்சத்தில் ஒலிக்கும் கருவி, சத்தத்தின் தரத்தைக் குறைத்தால் முதலில் கரகரப்பது அதுதான், அதோடு ஜால்ராவும் சேர்ந்துகொண்டால் பாட்டு வரியே புரியாது. பட்டியலில் சத்தம் மட்டும் இருக்கும் வரிகளில் குறைந்த அளவில் ஒன்றிரண்டு இருக்கும், இடம் மிச்சம் என்று அதை எடுக்காதீர்கள்.

மரப்பெட்டி எழுதியது:

கறுப்புத் திரை பயமாக இருந்தால் ஸ்டேச்சர் என்று ஒன்று இருக்கிறது, உள்ளே இயங்குவது இதே ஒய்டி-டிஎல்பிதான், வெளியே பட்டன் வைத்திருக்கிறார்கள், லிங்கை ஒட்டினால் போதும். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு பாராபோலிக்.

இரண்டு விஷயம் மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். நேற்று வரை வேலை செய்தது இன்று பிழை காட்டினால் வேறு எதையும் தேடாதீர்கள், முதலில் நிரலைப் புதுப்பியுங்கள், ஹைபனும் பெரிய யூவும் கொடுத்தால் தானே புதுப்பித்துக்கொள்ளும். யூடியூப் உள்ளே எதையாவது மாற்றும், இவர்கள் அதற்கேற்பத் திருத்துவார்கள், இது ஓயாத வேலை. இன்னொன்று, "நீ ரோபோ இல்லை என்று லாகின் செய்து காட்டு" என்று வந்தால் லாகின் விவரத்தை வைத்திருக்கும் பிரவுசர் குக்கீயைக் கொடுத்துத் தாண்டச் சொல்லி இணையத்தில் யோசனை கிடைக்கும். அப்பாவின் போனில் இருக்கும் ஜிமெயில் கணக்கை அதற்குக் கொடுக்க வேண்டாம், கணக்கு முடங்கும் அபாயம் இருக்கிறது என்று நிரலை எழுதியவர்களே எச்சரிக்கிறார்கள். ஒரே மூச்சில் ஐம்பது வீடியோவை இழுத்தால்தான் பெரும்பாலும் அப்படி வரும், கொஞ்ச நேரம் விட்டு மறுபடி கொடுங்கள்.

முகவீணை எழுதியது:

நான் கூத்து எடுத்து ஏற்றும் ஆட்களில் ஒருவன், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் உங்கள் அப்பா மாதிரி ஆட்களுக்காகத்தான் நாங்கள் எடுக்கிறோம். ராத்திரி பத்து மணிக்குக் கேமராவை நிறுத்தினால் காலையில் வெயில் ஏறும் வரை அசையக் கூடாது, மைக் ஆபரேட்டரிடம் கெஞ்சி மிக்சரிலிருந்து ஒரு வயர் வாங்க வேண்டும், அதைச் செய்யாமல் கேமரா மைக்கை மட்டும் நம்பினால் ஜெனரேட்டர் சத்தம்தான் பதிவாகும். விளம்பரத்தில் வருவது பெட்ரோலுக்குக்கூடக் காணாது. அதனால் நீங்கள் இறக்கிப் பார்த்தால் எங்களுக்குப் பார்வை எண்ணிக்கை குறைகிறதே என்ற வருத்தம் எனக்கு இல்லை.

ஆனால் இறக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். சேனலின் அறிமுகப் பக்கத்தில் மின்னஞ்சல் இருக்கும், இல்லையென்றால் வீடியோவுக்குக் கீழே கருத்தில் எழுதுங்கள். எங்களில் பலரும் மறுக்க மாட்டோம். சில பேர் இன்னும் நல்லதாகவே கொடுப்பார்கள், ஏனென்றால் யூடியூபில் இருப்பது அமுக்கிச் சுருக்கிய படம், கேமராவிலிருந்து வந்த மூல ஃபைல் எங்கள் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. காலி டிஸ்க் கொண்டுவந்தவர்களுக்கு நான் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

வீடியோ ஏன் காணாமல் போகிறது என்று கேட்டீர்கள். பல காரணம். காப்புரிமை எச்சரிக்கை 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலையே மூடிவிடலாம் என்பது யூடியூபின் விதி, அதனால் நடுவில் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் சினிமா மெட்டில் ஏதாவது பாடிவிட்டால் பயந்து எடுத்துவிடும் ஆட்கள் உண்டு. திருவிழாக் குழுவுக்கும் எடுத்தவருக்கும் மனஸ்தாபம் வந்தால் போய்விடும். நானே ஒரு கூத்தைச் சேனலிலிருந்து நீக்கியிருக்கிறேன். அதில் பெண் வேஷம் கட்டியவர் இறந்துபோனார், அந்தப் பகுதியை மட்டும் யாரோ வெட்டிக் கிண்டலாக ஒரு ஷார்ட்ஸ் போட்டார்கள், அது ஊரெல்லாம் சுற்றியது, அவர் குடும்பம் முழு வீடியோவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. மறுபேச்சில்லாமல் எடுத்துவிட்டேன்.

அதனால் சேமிப்பவர்களிடம் நான் கேட்பது: மறுபடி எங்கும் ஏற்றாதீர்கள், துண்டு வெட்டி வாட்ஸாப்பில் விடாதீர்கள். அப்புறம், ஜமா, அதாவது கூத்துக் குழுவின் பெயரை விட்டுவிடாதீர்கள். பத்து வருஷம் கழித்து ஒரு ஃபைல் கையில் கிடைக்கும், "கூத்து 3" என்று பெயர் இருக்கும், எந்த ஊர், எந்த ஜமா, வாத்தியார் யார், துரியோதனன் கட்டியது யார், எதுவும் தெரியாது. வேஷத்தில் முகம் தெரியாது, குரலை வைத்துக் கண்டுபிடிக்கும் பெரியவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். நாங்கள் வீடியோவுக்குக் கீழே இதையெல்லாம் மெனக்கெட்டு எழுதுகிறோம். அந்த எழுத்தையும் சேர்த்து எடுத்து வையுங்கள்.

நடுமேசை எழுதியது:

தப்பா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் நான். இதை மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஆட்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

யூடியூபின் விதிமுறை, அவர்கள் கொடுக்கும் பட்டன் வழியாக அல்லாமல் வேறு வழியில் இறக்கக் கூடாது என்கிறது. அது உங்களுக்கும் அவர்களுக்கும் உள்ள ஒப்பந்தம். ஆக, நிரல் வைத்து இறக்கினால் அந்த ஒப்பந்தத்தை மீறுகிறீர்கள், இதில் பூசி மெழுக ஒன்றும் இல்லை. எடுத்தவர் சரி என்று சொல்லி மூல ஃபைலையே கொடுத்துவிட்டால் இந்தப் பிரச்சினையே வராது, அதனால் முகவீணை சொன்ன வழிதான் முதல் வழி.

காப்புரிமைச் சட்டம் வேறு. நம் நாட்டுச் சட்டத்தில் 52-ஆம் பிரிவு, சொந்த உபயோகத்துக்கான நியாயமான கையாளுதலை மீறலாகக் கொள்வதில்லை. வீட்டில் அப்பா பார்ப்பதற்கு என்று வைத்துக்கொள்வதும், அதையே பென் டிரைவில் போட்டு விற்பதும் ஒன்றல்ல. இன்னொரு முக்கியமான விஷயம், வேஷம் கட்டி ஆடுகிறவருக்கும் பாடுகிறவருக்கும் அதே சட்டத்தில் நிகழ்த்துகலைஞர் உரிமை என்று தனியாக இருக்கிறது, 50 ஆண்டுக்கு. கேமரா வைத்தவருக்கு மட்டும்தான் உரிமை என்று நினைக்கிறோம், அது சரியல்ல.

மூன்றாவது, பூட்டுப் போட்ட வீடியோ. பணம் கட்டிப் பார்க்கும் ஓடிடி தளங்களில் வைட்வைன் மாதிரிப் பூட்டு இருக்கும், அதை உடைப்பது 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவின்படி குற்றமாகலாம். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

தடையே இல்லாமல் இறக்கக்கூடியதும் எவ்வளவோ இருக்கிறது. ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் நடத்தும் என்பிடெல் பாடங்களை அவர்கள் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். ஆர்க்கைவ் டாட் ஆர்க் தளத்தில் பெரும்பாலான வீடியோக்களுக்குப் பக்கத்திலேயே டவுன்லோடு இருக்கிறது. யூடியூபிலேயே தேடல் வடிகட்டியில் கிரியேட்டிவ் காமன்ஸ் என்று ஒன்று உண்டு, எடுத்தவரே "பயன்படுத்திக்கொள், என் பெயரைச் சொல்" என்று அனுமதித்தவை அவை. கூத்து ஏற்றுகிறவர்கள் அந்த உரிமத்தைப் போட்டால் உங்களைப் போன்றவர்களுக்கு எளிது, ஆனால் அதைப் போட்டால் வெட்டி ஷார்ட்ஸ் போடுகிறவனுக்கும் அனுமதி கொடுத்ததாகிவிடும், அதனால் அவர்கள் போடாமல் இருப்பதில் நியாயம் இருக்கிறது.

செய்யாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. முகவீணை அண்ணா, நீங்கள் சொன்ன பிறகு அப்பா பார்க்கும் சேனல்காரர்களுக்குக் கருத்தில் எழுதினேன். ஒருவர் "தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், அப்பாவுக்கு வணக்கம் சொல்லுங்கள்" என்று பதில் போட்டார். அவருடைய கூத்து ஒன்றை 136+140 போட்டு இறக்கினேன், கணினியில் அருமையாக ஓடுகிறது. பென் டிரைவில் 16 ஜிபி இடம் காலியாக இருக்கிறது, ஆனாலும் ஃபைல் பெரியது, போட முடியாது என்கிறது விண்டோஸ். சின்னதாக வேறொன்றைப் போட்டு டிவியில் சொருகினேன், ஓடியது, ஆனால் பெயர் முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. என்ன செய்வது?

கறுப்புத்திரை எழுதியது:

பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்கிறது, அதில் எவ்வளவு இடம் இருந்தாலும் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறைக்கு ஃபார்மேட் செய்தால் அந்த வரம்பு இல்லை. உங்கள் டிவி எதைப் படிக்கும் என்று அதன் கையேட்டில் யூஎஸ்பி பகுதியில் போட்டிருக்கும், பார்த்துவிட்டுச் செய்யுங்கள். ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும், முதலில் கணினிக்கு மாற்றிவிடுங்கள்.

டிவி ஃபேட்32 மட்டும்தான் படிக்கும் என்றால் ஃபைலைத் துண்டாக்க வேண்டியதுதான். லாஸ்லெஸ்கட் என்ற இலவச நிரல் இருக்கிறது, மறுபடி என்கோட் செய்யாமல் அப்படியே வெட்டும், தரம் குறையாது, எட்டு மணி நேர வீடியோவும் சில நிமிடத்தில் முடிந்துவிடும். சரியாக இரண்டு மணிக்கு ஒரு வெட்டு என்று வைக்காதீர்கள், ஒரு பாத்திரம் போய் அடுத்த பாத்திரத்துக்குத் திரை பிடிக்கும் இடம் பார்த்து வெட்டுங்கள். அப்பாவும் அடுத்த நாள் அங்கிருந்து தொடங்க வசதி.

பெயர் கட்டமாகத் தெரிவது டிவிக்குள் தமிழ் எழுத்துரு இல்லாததால், ஃபைலில் கோளாறு இல்லை. டிவிக்குப் போகும் நகலுக்கு மட்டும் 01, 02 என்று எண் பெயர் வையுங்கள், கணினியில் இருப்பதை மாற்றாதீர்கள். லினக்ஸில் இறக்குகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு, இங்கே வருகிறவர்களுக்குப் பயன்படும் என்று சொல்கிறேன்: அங்கே ஃபைல் பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும், தமிழில் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், கொம்பும் புள்ளியும்கூடத் தனிக் கணக்கு. நம் ஆட்கள் வைக்கும் தலைப்பில் ஊர், வட்டம், மாவட்டம், அம்மன் பெயர், ஜமா பெயர் எல்லாம் இருக்கும், எண்பத்தைந்து குறி தாண்டினால் பெயர் நீளம் என்று பிழை வந்து நின்றுவிடும். பெயரை வெட்டும் விருப்பத்தேர்வு நிரலில் இருக்கிறது.

முகவீணை சொன்னதற்கு வழி: "ரைட் டிஸ்கிரிப்ஷன்" என்ற விருப்பத்தேர்வை முன்னால் இரண்டு ஹைபன் போட்டு, இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஒரு ஹைபனோடு கட்டளையில் சேர்த்தால் வீடியோவுக்குக் கீழே எழுதியிருப்பது அப்படியே ஒரு தனி எழுத்து ஃபைலாகப் பக்கத்தில் வந்து உட்காரும். தமிழ் ஒழுங்காகவே இருக்கும். பெயரை எண்ணாக மாற்றும் நகலுக்கும் 01, 02 என்று அதே எண்ணில் இந்த எழுத்து ஃபைலையும் சேர்த்து வையுங்கள்.

முகவீணை எழுதியது:

கறுப்புத்திரை சார், இந்த வசதி இருப்பது இத்தனை நாள் எனக்கே தெரியாது. என் சேனல் முழுவதையும் இப்படி எடுத்து வைத்துக்கொள்ள முடியுமா? பழைய வீடியோ சிலதுக்கு மூல ஃபைல் இருந்த டிஸ்க் போய்விட்டது, யூடியூபில் இருப்பது மட்டும்தான் மிச்சம்.

கறுப்புத்திரை எழுதியது:

உங்கள் சொந்த வீடியோ என்றால் நிரலே தேவையில்லை. கூகுள் டேக்அவுட் பக்கத்தில் யூடியூபை மட்டும் தேர்ந்தெடுத்துக் கேளுங்கள், நீங்கள் ஏற்றிய வீடியோக்களும் விவரங்களும் சேர்ந்து இறக்கும் லிங்க் மின்னஞ்சலில் வரும். எத்தனையோ மணி நேரக் கூத்து என்பதால் பல துண்டு ஜிப்பாகத்தான் வரும், தயாராக நேரம் எடுக்கும், லிங்க் சில நாளில் காலாவதியாகிவிடும், அதனால் இடம் காலியாக உள்ள டிஸ்கைத் தயாராக வைத்துக்கொண்டு கேளுங்கள். வந்ததும் ஒவ்வொன்றையும் திறந்து கடைசிப் பத்து நிமிடம் ஓடுகிறதா என்று பாருங்கள், பாதியில் அறுந்த ஃபைலும் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். அப்புறம் இரண்டாவது டிஸ்கில் ஒரு நகல், அது உங்கள் வீட்டில் இல்லாமல் வாத்தியார் வீட்டிலோ வேறு எங்காவதோ இருக்கட்டும்.

டிஸ்க் போன வீடியோக்கள் எவை என்று பட்டியல் போடுங்கள், முதலில் அவற்றைச் சரிபாருங்கள்.